பால்மரத்தை நெருக்கும் அயல்நாட்டுச் செடிகள்

'ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது' என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. மனிதரைக் குறித்து எழுந்த அப்பழமொழி, செடி கொடிகளின் உலகிற்கும் முற்றும் பொருந்தும் என்பதை நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டங்களில் பணியாற்றும் தொழிலாளர்கள் நாள்தோறும் கண்கூடாகக் கண்டு வருகின்றனர்.

சிரம்பான் நகரையடுத்த அம்பாங்கான் வட்டாரம் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த பகுதியாக இருந்தது. இன்று அந்நிலத்தின் பெரும்பகுதியில் வீடுகளும் கடைகளும் சாலைகளும் எழுந்துள்ளன. ஆயினும் அவ்வழியே பாரோயைக் கடந்து குவாலா பிலா நோக்கிச் செல்லும் ஒருவர், சாலையின் இருமருங்கிலும் சற்றே கண்ணோட்டம் செலுத்துவாராயின், புதர்களையும் வேலிகளையும் இளமரங்களையும் ஒரு பச்சைப் போர்வை மூடிக் கிடப்பதைக் காண்பார். பார்வைக்குக் குளிர்ச்சியான அப்போர்வையின் அடியில் மூச்சுத் திணறிக் கிடக்கும் செடிகள் எத்தனை என்பதைப் போர்வையை விலக்கிப் பார்த்தவரே அறிவர்.

அப்போர்வையை நெய்யும் கொடி நம் நாட்டில் தோன்றியதன்று. அதனோடு சேர்த்து எண்ணத்தக்க வேறு பல செடிகளும் கடல் கடந்து வந்தவையே. அவை எவ்வாறு வந்தன, ஏன் இத்துணை வேகமாகப் பெருகுகின்றன, அவற்றால் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு விளையும் இழப்பு யாது, அதனைத் தடுக்க நாம் செய்யத்தக்கது யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பால்மரமும் அயல்நாட்டிலிருந்து வந்ததே

முதலில் ஓர் உண்மையை மனத்திற்கொள்ளுதல் வேண்டும். நமக்குச் சோறு போடும் பால்மரமும் அயல்நாட்டிலிருந்து வந்ததே. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்ஹாம் என்னும் ஆங்கிலேயர், தென்னமெரிக்காவின் பிரேசில் நாட்டில் தாப்பாஜோஸ் ஆற்றை ஒட்டிய காடுகளிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டனை அடுத்த கியூ தாவரவியல் பூங்காவிற்குக் கொண்டு சென்றார். அவற்றுள் முளைத்தவை மிகச் சிலவே. மறு ஆண்டு, அதாவது 1877இல், 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பின்னர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைவராக விளங்கிய ரிட்லி, மரத்திற்கு ஊறு நேராமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் வாணிப முறையில் ரப்பர் பயிரிடத் தொடங்கினார். அதன் பின்னரே மலாயாவின் குன்றுகளும் சமவெளிகளும் பால்மரக் காடுகளாயின; அக்காடுகளில் உழைக்க நம் முன்னோரும் கடல் கடந்து வந்தனர்.

ஆகவே, அயல்நாட்டிலிருந்து வந்தது என்னும் ஒரே காரணத்திற்காக எந்தச் செடியையும் பழித்தல் பொருந்தாது. நாம் உண்ணும் மரவள்ளிக் கிழங்கும் மிளகாயும் பப்பாளியும் கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. அதேபோல, களைகள் யாவும் அயல்நாட்டுச் செடிகள் என்று எண்ணுவதும் தவறாகும். தோட்டத் தொழிலாளரைத் தலைமுறை தலைமுறையாக வாட்டிய லாலாங் புல் ஆசியாவுக்கே உரியது. ஒரு செடியின் பிறப்பிடம் குற்றமன்று. அதன் போக்கே ஆராய்தற்குரியது. பால்மரம் நட்ட இடத்தில் நிற்கிறது. பிறவற்றின் இடத்தைப் பறிப்பதில்லை. எந்த அயற்செடி நடுவாரின்றித் தானே பரவி, பிற செடிகளை அழித்து, மக்களின் வாழ்வுக்கும் கேடு சூழ்கின்றதோ, அதனையே அறிஞர்கள் ஆக்கிரமிப்புச் செடி என்கின்றனர்.

விருந்து எவ்வாறு பகையாகிறது?

தன் தாயகத்தில் அடக்கமாக வாழ்ந்த ஒரு செடி, புதிய நாட்டில் மட்டும் தலைவிரித்தாடுவது ஏன்? இதற்கான விடையைப் பால்மரத்தின் வரலாற்றிலேயே காணலாம்.

அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபோர்டு 1928ஆம் ஆண்டில், விக்ஹாம் விதை சேகரித்த அதே தாப்பாஜோஸ் ஆற்றங்கரையில் பெருந்தோட்டம் ஒன்றை நிறுவ முற்பட்டார். ஃபோர்ட்லாண்டியா என்று பெயரிடப்பட்ட அத்தோட்டத்தில் மரங்கள் நெருக்கமாக நடப்பட்டன. ஆனால், தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் என்னும் பூசண நோய் மரத்துக்கு மரம் தாவி இலைகளை உதிர்த்தது. பெரும்பொருள் செலவிட்டும் பயனின்றி, 1945இல் ஃபோர்டு நிறுவனம் அம்முயற்சியைக் கைவிட்டது. பால்மரத்தின் தாய்மண்ணிலேயே பால்மரத் தோட்டம் தழைக்கவில்லை. மலாயாவிலோ அது செழித்தோங்கியது. காரணம் யாதெனில், 22 கன்றுகள் கப்பலேறியபோது அவற்றின் பகையாகிய நோய் உடன் வரவில்லை.

பால்மரத்தை இங்கு வாழ வைத்த அதே நியதிதான் ஆக்கிரமிப்புச் செடிகளையும் வாழ வைக்கிறது. தாயகத்தில் ஒரு செடியின் இலையைத் தின்னப் புழுக்கள் உண்டு. விதையை அரிக்க வண்டுகள் உண்டு. தண்டை அழுகச் செய்யும் நோய்கள் உண்டு. அவை அச்செடியை அளவோடு வைத்திருக்கின்றன. கடல் கடந்து வரும்போது விதை மட்டுமே வருகின்றது. பகைகள் பின்தங்கி விடுகின்றன. கட்டுப்படுத்துவார் இல்லாத நிலையில், மழையும் வெயிலும் குறைவின்றிக் கிடைக்கும் நம் நாட்டில், அச்செடி தன் முழு ஆற்றலையும் பெருக்கத்திலேயே செலவிடுகிறது. வெட்ட வெளியாக்கப்பட்ட நிலம், புதிதாகக் கீறிய சாலையோரம், மறுநடவுக்காகத் திருத்திய தோட்டம் ஆகியவை அதற்கு வரவேற்புப் பந்தல்களாகின்றன.

கட்டையை மூடும் கொடி

நம் தோட்டங்களில் மிகுதியாகக் காணப்படும் ஆக்கிரமிப்புச் செடி மைக்கானியா என்னும் கொடியாகும். மலாய் மொழியில் இதனைச் 'செலாபுட் துங்குல்' என்பர். வெட்டிய மரக்கட்டையை மூடும் போர்வை என்பது அதன் பொருள். பொருத்தமான பெயரே! இதய வடிவிலான இலைகளும், கொத்துக் கொத்தான சிறு வெண்பூக்களும் கொண்ட இக்கொடி நடு அமெரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் தோன்றியது. இந்தோனேசியாவின் போகோர் தாவரவியல் பூங்காவிற்கு 1949இல் பராகுவே நாட்டிலிருந்து இது கொண்டுவரப்பட்டது. 1956ஆம் ஆண்டளவில் ரப்பர்த் தோட்டங்களில் மண்ணை மூடிக் காக்கும் பயிராகவே அங்கு இது பயன்படுத்தப்பட்டது. மண்ணரிப்பைத் தடுக்கும் என்று நம்பி வரவேற்ற கொடியே பின்னர் பால்மரத்தின் பகையாயிற்று.

இக்கொடி பெருகும் வழிகள் இரண்டு. முதலாவது, விதை. ஒரு கொடி ஒரு பருவத்தில் பல்லாயிரம் விதைகளை ஈனுகிறது. தூசினும் சற்றே பெரிதான ஒவ்வொரு விதையின் தலையிலும் வெண்மையான மயிர்க்கற்றை ஒன்று உண்டு. அதன் துணையால் விதை காற்றில் மிதந்து செல்கிறது. உடையிலும் கால்நடைகளின் உரோமத்திலும் ஒட்டிக்கொண்டு பயணம் செய்கிறது. இரண்டாவது வழி, கணு. தரையில் படரும் தண்டின் ஒவ்வொரு கணுவிலும் வேர் இறங்குகிறது. ஆகவே, பாராங் கத்தியால் கொடியைத் துண்டு துண்டாக வெட்டி அங்கேயே போட்டுவிட்டுச் செல்பவர், ஒரு கொடியை அழித்ததாக எண்ணுகிறார். உண்மையில் பல கொடிகளை நட்டுவிட்டுச் செல்கிறார்.

இளங்கன்றின் மீது இக்கொடி ஏறுமாயின், இலைகளுக்கு வெயில் எட்டாது. கன்று வளைந்து கூனி நிற்கும். மண்ணுக்கு அடியிலும் போராட்டம் நடைபெறுகிறது. 1925இல் நிறுவப்பட்டு, இன்று மலேசிய ரப்பர் வாரியத்தின் அங்கமாக விளங்கும் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் 1960ஆம் ஆண்டுகளில் இக்கொடி குறித்த ஆய்வுகள் நிகழ்ந்தன. மைக்கானியா மண்ணிலுள்ள சத்துக்களை உறிஞ்சிக் கொள்வதோடு, பிற செடிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்களையும் கொண்டுள்ளது என்பது அவ்வாய்வுகளால் தெளிவாயிற்று. தழைச்சத்து மண்ணில் பயிருக்கேற்ற வடிவம் பெறுவதையும் அது குறைக்கிறது. அவரைக் குடும்பத்து மூடுபயிர்களுக்கு நடுவே வளர்ந்த பால்மரங்கள் விரைந்து பருத்தன. மைக்கானியாவுக்கு நடுவே வளர்ந்த மரங்கள் பின்தங்கின.

இதன் விளைவைத் தொழிலாளரின் கணக்கில் பார்ப்போம். பால்மரத்தின் தண்டு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் சுற்றளவை எட்டிய பின்னரே கத்தி வைக்க இயலும். நல்ல பராமரிப்பில் அதற்கு ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள் செல்லும். கொடியின் நெருக்கத்தால் மரம் பருக்கத் தாமதமானால், அத்தனை மாதங்களும் அந்நிரைகளில் பால்வெட்டு இல்லை. பால் இல்லையேல் வருமானமும் இல்லை. சொந்தமாக இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரருக்கு இவ்விழப்பு நேராகவே அடுப்பங்கரை வரை வந்து சேரும்.

பிற அயற்செடிகள்

மைக்கானியாவுக்கு அடுத்தபடியாகக் கூறத்தக்கது, மலாய்க்காரர்கள் 'பொக்கோக் கப்பால் தெர்பாங்', அதாவது ஆகாயக் கப்பற் செடி என்றழைக்கும் புதர்ச்செடி. இதன் விதையும் காற்றில் பறந்து பரவுவதே. அமெரிக்காவுக்கு உரிய இச்செடி 19ஆம் நூற்றாண்டில் கல்கத்தாத் தாவரவியல் பூங்காவில் வளர்க்கப்பட்டு, அங்கிருந்து தப்பிப் பர்மா, தாய்லாந்து முதலிய நாடுகளில் பரவியது. வெட்டுக்காயத்தில் இதன் இலையைக் கசக்கி வைக்கும் வழக்கம் நம் மக்களிடையே உண்டு. ஆயினும் வறட்சிக் காலத்தில் காய்ந்த இப்புதர் எளிதில் தீப்பற்றும். தீ அணைந்த பின் அடித்தூரிலிருந்து மீண்டும் தளிர்க்கும். ஆடுமாடுகள் இதனை விரும்பித் தின்பதில்லை. தின்னத் தக்க புல் இருந்த இடத்தையோ இது பறித்துக்கொள்கிறது.

நீர்நிலைகளில் காணப்படும் ஆகாயத்தாமரை அமேசான் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. அதன் ஊதா மலரின் அழகில் மயங்கியே மக்கள் அதனை நாடு நாடாக எடுத்துச் சென்றனர். ஏற்ற சூழலில் இரண்டு வாரத்திற்குள்ளாகவே அது தன் பரப்பை இரட்டிப்பாக்கிக் கொள்ளும். கால்வாயில் நீரோட்டம் தடைப்பட்டு, தேங்கிய நீரில் கொசு பெருகி, அடியிலுள்ள மீன்கள் உயிர்க்காற்றின்றி மடியும்.

தொட்டவுடன் இலை மூடும் தொட்டாற்சுருங்கியும் வெப்ப மண்டல அமெரிக்காவிலிருந்து வந்ததே என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். அதன் பேருருவாகிய 'செமாலு கஜா' என்னும் முட்புதர் 1980இல் கிளந்தான் மாநிலத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. ஆற்று மணலோடும் மண்வாரி இயந்திரங்களோடும் அது பிற மாநிலங்களுக்கும் பயணமாயிற்று. தாய்லாந்தில் இதே செடியைப் புகையிலைத் தோட்டங்களுக்குத் தழையுரமாகும் என்று எண்ணி 1947இல் மனிதரே கொண்டுவந்தனர் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

பாசோ காடு தரும் பாடம்

'தோட்டத்தில்தானே களை, அடர்ந்த காட்டினுள் அதற்கென்ன வேலை?' என்று சிலர் வினவலாம். அறிஞர்களும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினர். அவ்வெண்ணத்தை மாற்றிய இடங்களுள் ஒன்று நம் நெகிரி செம்பிலானிலேயே உள்ளது.

ஜெலுபு மாவட்டத்திலுள்ள பாசோ வனக் காப்பகம் உலகறிந்த ஆராய்ச்சிக் காடாகும். அங்கு 1980ஆம் ஆண்டுகளில் 50 ஹெக்டர் பரப்பை அளந்து, விரல் பருமனுள்ள மரக்கன்று முதலாக ஒவ்வொரு மரத்தையும் எண்ணிப் பதிவு செய்து வருகின்றனர். அத்தகைய காட்டினுள், 'செண்டுடுக் பூலு' எனப்படும் உரோமம் நிறைந்த சிறு புதர்ச்செடி புகுந்திருப்பது 2001இல் வெளியான ஆய்வு ஒன்றில் விளக்கப்பட்டது. இச்செடியும் அமெரிக்காவிலிருந்து வந்ததே.

அது எவ்வாறு நுழைந்தது? பாசோ காட்டின் மூன்று பக்கங்களிலும் செம்பனைத் தோட்டங்கள் உள்ளன. உதிர்ந்த செம்பனைப் பழங்களைத் தின்று காட்டுப் பன்றிகள் பெருகின. அவை இரவில் பழம் தின்று, காட்டினுள் திரும்பி மண்ணைக் கிளறின. குட்டி போடுவதற்காக இளமரங்களை ஒடித்துக் கூடு அமைத்தன. மரம் விழுந்து வெளிச்சம் விழும் இடங்களிலும், பன்றிகள் கிளறிய மண்ணிலும் அயற்செடி வேரூன்றியது. தோட்டமும் காடும் தனித்தனி உலகங்கள் அல்ல. ஒன்றில் நிகழ்வது மற்றொன்றைத் தாக்கியே தீரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இதே செடியை அதன் தாயகமாகிய கோஸ்டா ரிக்கா நாட்டிலும், அது ஆக்கிரமித்த ஹவாய்த் தீவிலும் வளர்த்து ஆய்ந்து, 2004இல் அறிஞர்கள் முடிவுகளை வெளியிட்டனர். கோஸ்டா ரிக்காவின் காட்டு நிழலில் பூச்சிகளும் பூசணங்களும் அதனை வாழவிடவில்லை. மருந்து தெளித்துப் பூச்சிகளையும் பூசணங்களையும் விலக்கியபோது அங்கும் அது கூடுதலாகப் பிழைத்தது. ஹவாயிலோ மருந்து தெளித்தாலும் தெளிக்காவிட்டாலும் வேறுபாடில்லை. ஏனெனில் அங்கு அதற்குப் பகையே இல்லை. நாம் முன்னர்க் கூறிய நியதி இவ்வாறு சோதனையாலும் உறுதி பெற்றது.

தாயகத்து அனுபவம்

நம் முன்னோர் பிறந்த தமிழகமும் இத்தொல்லைக்கு விலக்கன்று. 1877ஆம் ஆண்டில், ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்த அதே ஆண்டில், சென்னை மாகாணத்திற்குச் சீமைக் கருவேலம் கொண்டுவரப்பட்டது. வறண்ட நிலத்தில் விறகு தரும் என்று வரவேற்கப்பட்ட அம்மரம், கண்மாய்களையும் வாய்க்கால்களையும் மேய்ச்சல் நிலங்களையும் மூடிப் படர்ந்தது. விறகும் கரியும் விற்றுப் பிழைப்போருக்கு அது உதவியதும் உண்மை. விளைநிலத்தை இழந்தோர் வருந்தியதும் உண்மை. 2022இல் தமிழ்நாடு அரசு ஆக்கிரமிப்புச் செடிகளை அகற்றுவதற்கெனவே தனிக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டிய நிலை ஏற்பட்டது. இலங்கையில் ஆகாயத்தாமரையைத் தடுக்க 1909ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

ஆயினும் வெற்றிக் கதை ஒன்றும் உண்டு. செஞ்சாயம் தரும் பூச்சியை வளர்க்க விரும்பிய ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஆட்சியில், 1795இல் பிரேசிலிலிருந்து ஒருவகைப் பூச்சி இந்தியாவிற்கு வந்தது. அது அவர்கள் விரும்பிய பூச்சியன்று, சாயம் சிறக்கவில்லை. ஆனால் அயல்நாட்டுக் கள்ளிச் செடியை அது தின்று அழிப்பதை மக்கள் கண்டனர். 1836 முதல் 1838 வரையிலான காலத்தில் அப்பூச்சியைத் தென்னிந்தியாவிற்கு எடுத்துச் சென்று கள்ளியின் மீது விட்டனர். பின்னர் 1926இல், மற்றொரு வகைப் பூச்சியை இலங்கையிலிருந்து கொண்டுவந்து, தமிழகத்தில் பெரும்பரப்பை முள்வேலியாக அடைத்திருந்த சப்பாத்திக் கள்ளியையும் சில ஆண்டுகளுக்குள் அடக்கினர். ஒரு களையை அதன் இயற்கைப் பகையைக் கொண்டே வெல்லும் முறைக்கு உலகிலேயே முதல் எடுத்துக்காட்டாக இது போற்றப்படுகிறது.

மைக்கானியாவுக்கும் இம்முறையைக் கையாள முயன்றனர். 1990இல் ஒரு சிறு பூச்சியினம் மலேசியாவில் விடப்பட்டது, அது நிலைபெறவில்லை. அக்கொடியை மட்டுமே தாக்கும் துருநோய்ப் பூசணம் ஒன்று பின்னர் ஃபிஜி, பப்புவா நியூகினி ஆகிய நாடுகளில் விடப்பட்டு நிலைபெற்றுள்ளது. எனினும் இது பல்லாண்டு ஆராய்ச்சிக்குப் பின் அரசாங்கமும் அறிஞர்களும் செய்யத்தக்க பணி. ஒரு செடியை அழிக்க மற்றோர் உயிரைத் தனியார் எவரும் கொண்டுவருதல் தகாது. பகையை விரட்ட வந்ததே பெரும்பகையாகவும் கூடும்.

களைக்கொல்லியும் நம் உடல்நலமும்

களை மிகும்போது களைக்கொல்லியின் செலவும் மிகுகிறது. அதனைச் சுமந்து தெளிப்பவர் யார்? தோட்டங்களில் மருந்தடிக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே நெடுங்காலம் செய்து வந்தனர். முற்காலத்தில் லாலாங் புல்லை ஒழிக்கச் சோடியம் ஆர்சனைட் என்னும் பாஷாணக் கலவை தெளிக்கப்பட்டது. அது மனிதருக்கும் மாட்டுக்கும் ஒருங்கே நஞ்சாக அமைந்தது. அதன் பின் வந்த பாராகுவாட் என்னும் மருந்தை உட்கொண்டவர்களுக்கு மாற்று மருந்து கிடையாது. பல குடும்பங்கள் அதனால் துயருற்றன. 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து மலேசியாவில் பாராகுவாட் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய போத்தல் எங்கேனும் மூலையில் கிடக்குமாயின், அதனைப் பயன்படுத்தாமலும் ஆற்றில் ஊற்றாமலும் விவசாய இலாகாவிடம் தெரிவித்து ஆலோசனை பெறுதல் வேண்டும்.

இன்று அனுமதிக்கப்பட்டுள்ள மருந்துகளையும் எளிதாக எண்ணிவிடலாகாது. கையுறை, முழங்கால் வரை மூடும் சப்பாத்து, முகக்கவசம், கண்ணாடி ஆகியவற்றை அணிந்தே தெளித்தல் வேண்டும். காற்றை எதிர்த்துத் தெளிக்கலாகாது. வேலை முடிந்தபின் குளித்து, அவ்வுடையைத் தனியே துவைத்தல் வேண்டும். கருவுற்றிருக்கும் தாய்மாரும் பாலூட்டும் தாய்மாரும் இவ்வேலையிலிருந்து விலகியிருத்தல் வேண்டும். மருந்துக் காலிக் குவளையில் குடிநீர் பிடிப்பது உயிருக்கே உலை வைப்பதாகும். களை முளைக்காமல் தடுக்கும் ஒவ்வொரு முயற்சியும், தெளிப்பவரின் நுரையீரலையும் தோலையும் காக்கும் முயற்சியாகும் என்பதை மறவாதிருப்போமாக.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, நிலத்தை வெறுமையாக விடாதிருத்தல். மறுநடவுக்குத் திருத்திய நிலத்தில் அவரைக் குடும்பத்து மூடுபயிர்களைத் தாமதமின்றி விதைத்தல் வேண்டும். அவை மண்ணரிப்பைத் தடுப்பதோடு, காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன. இடம் காலியாக இல்லையெனில் அயற்கொடிக்கு வாய்ப்பும் குறையும். வடகிழக்கு இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட முக்குனா போன்ற வேகமாகப் படரும் மூடுபயிரைப் பயிரிடுவோர், அதுவும் கன்றின் மேல் ஏறிவிடாதபடி காலந்தவறாமல் விலக்கிவிடுதல் வேண்டும்.

இரண்டாவது, பூக்கும் முன் பிடுங்குதல். மழை பெய்து மண் இளகியிருக்கும் வேளையில் கொடியை வேரோடு இழுத்தால் எளிதில் வரும். பிடுங்கிய கொடியை மண்ணில் போடாமல், மரக்கட்டையின் மீதோ கற்குவியலின் மீதோ பரப்பி வெயிலில் நன்கு காயவிடுதல் வேண்டும். கால்வாயில் எறிந்தால் நீரோட்டம் அதனை அடுத்த தோட்டத்திற்குக் கொண்டு சேர்க்கும். கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டமேனும் எப்போதும் துப்புரவாக இருத்தல் நலம்.

மூன்றாவது, விதையைச் சுமந்து செல்லாதிருத்தல். களை மிகுந்த பகுதியில் வேலை முடிந்து வேறு பகுதிக்குச் செல்லுமுன், சப்பாத்து, மண்வெட்டி, புல்வெட்டும் இயந்திரம், லாரிச் சக்கரம் ஆகியவற்றில் ஒட்டிய மண்ணைத் தட்டிக் கழுவிவிடுதல் வேண்டும். பத்து நிமிட வேலை பத்து மாதத் தொல்லையைத் தவிர்க்கும்.

நான்காவது, வீட்டு அழகுச் செடிகளிலும் கருத்தாக இருத்தல். மீன் தொட்டியிலுள்ள நீர்ச்செடியையும், வேண்டாத பூச்செடியையும் ஆற்றோரத்தில் எறியலாகாது. தாயகம் சென்று திரும்புவோர் விதை, கன்று, பதியன் முதலியவற்றைப் பையில் மறைத்துக் கொண்டுவருதல் 1976ஆம் ஆண்டுச் செடிகள் தடுப்புக்காப்புச் சட்டத்திற்கு மாறானது. அன்போடு எடுத்துவரும் ஒரு கைப்பிடி விதையில் ஒரு களையின் விதையும் கலந்திருக்கக் கூடும்.

இதற்குச் சான்றாகப் பார்த்தீனியம் என்னும் நச்சுச் செடியைக் கூறலாம். இந்தியாவில் 1955ஆம் ஆண்டளவில் புனே நகரில் கண்டறியப்பட்ட இச்செடி, இறக்குமதியான கோதுமையோடு வந்ததாகக் கருதப்படுகிறது. பின்னர் அது இந்தியா எங்கும் பரவிற்று. மலேசியாவில் 2013இல் சிலாங்கூர் மாநிலத்தில் இது கண்டறியப்பட்டது; அதன் பின் வேறு பல மாநிலங்களிலும் காணப்பட்டது. கேரட் இலை போன்று பிளவுபட்ட இலையும், சிறு வெண்பூக்களும் கொண்ட இச்செடி பட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். இதன் மகரந்தத்தால் தும்மலும் மூச்சிரைப்பும் உண்டாகும். இதனைத் தின்ற மாட்டின் பால் கசக்கும். ஆடுமாடு வளர்க்கும் தோட்டக் குடும்பங்கள் இதில் தனிக் கவனம் செலுத்துதல் வேண்டும். இதனைக் கண்டால் வெறுங்கையால் தொடாமல், உடனே விவசாய இலாகாவுக்குத் தெரிவிப்பதே முறையாகும்.

முடிவாக

இயற்கை வளம் பற்றி ஆராயும் உலக நாடுகளின் அறிஞர் குழு 2023இல் வெளியிட்ட அறிக்கை, மனிதரால் இடம் மாற்றப்பட்டு அயல்நாடுகளில் நிலைகொண்ட உயிரினங்கள் 37,000க்கும் மேற்பட்டவை என்றும், அவற்றுள் 3,500க்கும் மேற்பட்டவை கேடு விளைவிப்பவை என்றும் கூறுகிறது. அவற்றால் 2019ஆம் ஆண்டில் உலகம் அடைந்த இழப்பு 42,300 கோடி அமெரிக்க டாலருக்கும் மேற்பட்டதாகும். இப்பெருந்தொகை எங்கோ நிகழ்ந்த இழப்பு என்று நாம் கருதலாகாது. பருக்காமல் நின்ற ஒரு பால்மரம், மருந்துக்குச் செலவான ஒரு ரிங்கிட், வறண்டு போன ஒரு கண்மாய், தும்மலோடு விழித்த ஒரு குழந்தை ஆகிய சிறு இழப்புகள் ஒன்று சேர்ந்ததே அத்தொகை.

தோட்டத் தொழிலாளத் தோழர்களே! நிரை நிரையாக நடந்து, ஒவ்வொரு மரத்தையும் நாள்தோறும் காண்பவர்கள் நீங்களே. புதிய கொடி ஒன்று கன்றின் மீது ஏறுவதை ஆராய்ச்சி நிலையத்தார் அறியும் முன் அறிபவர்களும் நீங்களே. அறியாத செடியைக் கண்டால் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். அதன் பெயரையும் இயல்பையும் உங்கள் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். ஒரு விரல் நீளக் கொடியை இன்று பிடுங்க ஒரு கை போதும். ஓராண்டு கழித்து அதனை அகற்ற ஒரு கூட்டமே வேண்டியிருக்கும். கடல் கடந்து வந்து இம்மண்ணைத் தம் வியர்வையால் வளப்படுத்திய முன்னோர் நட்டுவைத்த மரங்களை, கண்ணெதிரே படரும் கொடிக்கு இழந்துவிடாமல் காப்பது நம் அனைவரின் கடமையாகும்.